இருபத்தாறு சீட்டு வண்டியில் ஒரு கட்டில்

வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய என் கணவர் ஹாரனை மூன்று முறை அடித்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் எதற்காகவும் அப்படி ஹாரன் அடித்ததில்லை. நான் சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு ஓடிவந்து பார்த்தேன். வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீலப் பட்டை, இருபத்தாறு சீட்டு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிவரும் வண்டி. அந்தக் கம்பெனியில்தான் நான் பத்தொன்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்பாகம் தைத்தேன். அவர் அதே மிஷின்களைப் பழுதுபார்த்த மெக்கானிக். கழுத்து வலி வந்து நான் முதலில் நின்றேன். அவர் போன வருடம் ரிட்டயர் ஆனார். கம்பெனி பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டியபோது ஒன்றை இவர் வாங்கிவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"இன்னாங்க இது?"

"வீடு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

விஷயம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தீபாவளிக்கு வந்தபோது, வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கி ஊர் சுற்றும் ஒரு ஜோடியின் வீடியோவைப் போனில் காட்டினாள். அவள் காட்டியது ஒன்று. இவர் அதற்கப்புறம் பார்த்தது நூறு இருக்கும். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி என்று வரைந்து தள்ளினார். வீட்டில் சும்மா இருக்கும் மனுஷன், ஏதோ வரையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

என்னிடமும் ஒரு குறை உண்டு. எனக்கு லாட்ஜில் தூக்கம் வராது. யார் யாரோ படுத்த மெத்தை, யாருடைய எண்ணெயோ ஏறிய தலையணை. ஒரு தடவை கன்னியாகுமரியில் ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைத்தேன். அதனால் எங்கே போனாலும் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். வேலூர், ஏலகிரி, திருப்பதி, அவ்வளவுதான் எங்கள் உலகம். சொந்தக் கட்டிலையே தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்பது எனக்கு முதலில் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. அடுத்த நிமிடமே ரொம்ப நியாயமாகப் பட்டது.

பக்கத்து வீட்டு பாபி முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். உருதுவில் பாபி என்றால் அண்ணி, எனக்கு இருபது வருட சிநேகிதி. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது.

"எல்லாம் சரி. பாத்ரூம் எங்க?"

அன்றிலிருந்து எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். பால்காரர் கேட்டார், என் அண்ணன் கேட்டார், மகள் போனில் கேட்டாள். என் கணவர் பாபிக்குப் பதில் சொல்ல உள்ளே ஓடிப்போய் மூடி போட்ட பக்கெட் ஒன்றையும், விரித்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும் துணிக் கூடாரத்தையும் கொண்டுவந்து ஏதோ கோப்பை ஜெயித்தவர் போலக் காட்டினார். பாபிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிவிட்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா! இன்னிக்கு இது போதும் எனக்கு" என்றாள்.

வேலை இரண்டு மாதம் நடந்தது. முன்னால் நான்கு சீட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினார். தரையில் ஷூ அடிப்பாகத்துக்குப் போடும் ரப்பர் ஷீட்டை ஒட்டினோம். நடந்தால் பஞ்சு மாதிரி இருக்கும், வண்டி இரைச்சலும் கம்மியாகும். பின்னால் பிளைவுட் கட்டில். அதன் கீழே துணிமணிக்கும் அரிசி பருப்புக்கும் இழுப்பறை. கதவோரம் ஒற்றை அடுப்பு, குழாய் வைத்த தண்ணீர் டிரம். கூரைமேல் ஒரு சோலார் தகடு, உள்ளே ஒரு பேட்டரி, அதில் ஓடும் குட்டி ஃபேன். ஜன்னல் திரையும் கொசுவலையும் நான் தைத்தேன். தோலைத் தைத்துப் பழகிய கைக்குப் பூப்போட்ட பருத்தித்துணி வெண்ணெய் மாதிரி ஓடியது. பதினாறு ஜன்னலுக்கும் ஒரே நாளில் தைத்து முடித்துவிட்டு, இன்னும் ஜன்னல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று உட்கார்ந்திருந்தேன்.

சோதனை ஓட்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் நின்ற வண்டியிலேயே படுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டுக் கதவிலிருந்து பத்தடி தூரம். திரையை இழுத்துவிட்டு, ஃபேனைப் போட்டு, என் தலையணையில் தலைவைத்தேன். தெருவில் ஆட்டோ போகிறது, யாரோ மீன் விற்கிறார்கள். நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் குலுங்கச் சிரித்தோம். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பாபி, தட்டில் இரண்டு டம்ளர் டீயும் பிஸ்கட்டும்.

"புது வீட்டுக்கு வந்திருக்கீங்க. ஊரு பிடிச்சிருக்கா?" என்றாள்.

சீட்டைக் கழற்றினால் ஆர்.சி.யையும் மாற்ற வேண்டும். வண்டியை வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனோம். ஆய்வாளர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலைத் தட்டினார்.

"பேஷண்ட்டுக்கு ஆக்சிஜன் எங்க வைப்பீங்க?"

"பேஷண்ட் இல்ல சார். நாங்கதான் படுப்போம்."

"உங்களுக்கு உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கோம்."

ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டத்தையே பார்த்துப் பழகிய ஊர். நல்லாயிருக்கிற ஆள் எதற்குக் கட்டிலோடு திரிய வேண்டும் என்று அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகு, குரலைத் தணித்துக் கேட்டார்: "ஏலகிரி பதினாலு வளைவும் ஏறுதா இது?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். வாணியம்பாடி போய், அங்கிருந்து ஆலங்காயம், அதற்கப்புறம் மலையடிவாரத்தில் எங்கே மனசு நிற்கச் சொல்கிறதோ அங்கே. ஞாயிறு சாயங்காலம் வீடு. திட்டம் அவ்வளவுதான். ஊர் எல்லையில் ஒரு டீ வாங்கலாம் என்று பஸ் ஸ்டாப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

கதவு சர்ரென்று திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பையோடு திமுதிமுவென்று பெண்கள் ஏறினார்கள்.

"இன்னாண்ணா இன்னிக்கு இவ்ளோ லேட்டு?" என்று கேட்டுக்கொண்டே முதலில் ஏறியவள் உட்காரப்போய்ச் சீட்டு இல்லாமல் பொத்தென்று தரையில் விழுந்தாள்.

"ஐயோ, சீட்டெல்லாம் எங்கடி?"

"கட்டில் இருக்குதுடி இங்க! அடுப்பு இருக்குது!"

"வண்டி மாறி ஏறிட்டமா?"

மாறவில்லை. வெள்ளை வண்டி, நீலப் பட்டை, அதே நம்பர். பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், இவர்தான் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். பதினோரு பெண்கள். நடுவயதுக்காரி ஒருத்தி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா! நீங்க மூணாவது லைன்ல இருந்தீங்களே! இன்னாக்கா, குடித்தனமே இதுலயா?"

நான் விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்குள் ஒரே கூச்சல். ஒருத்தி டிரம் குழாயைத் திருகிப் பார்த்தாள், ஒருத்தி திரையை முகர்ந்தாள், மூன்று பேர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் அவர்களுக்கு நேரம் ஞாபகம் வந்தது. வரவேண்டிய வண்டி வரவில்லை. எட்டு மணிக்குள் கேட் மிஷினில் விரல் வைக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு.

நான் கணவரைப் பார்த்தேன். "ஆர்.சி.ல நாலு சீட்டுதான் இருக்குது" என்றார் முணுமுணுப்பாக. ஆனால் கை அதற்குள் கியரைப் போட்டுவிட்டது.

இப்படியாக எங்கள் முதல் பயணம் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகத் தொடங்கியது. முன்சீட்டில் இரண்டு பேர், கட்டிலில் ஐந்து பேர், தரையில் நான்கு பேர். அவர் சர்வீஸ் ரோட்டில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் பழக்கத்தில் கேட்டை அகலத் திறந்து சல்யூட் வைத்தவர், டிரைவர் சீட்டில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, "சார்! ரிட்டயர் ஆயிட்டு டிரைவராவா சேந்துட்டீங்க?" என்று பதறினார்.

இறங்கும்போது ஒவ்வொருத்தியும் டிபன் டப்பாவைத் திறந்து எதையாவது எடுத்துவைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? புளிசாதம், இரண்டு சப்பாத்தி, அவித்த கடலை, ஒரு முழு ஆம்லெட். கடைசியாக இறங்கிய சின்னப் பெண் கட்டிலைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அடுத்த தடவ லீவு போட்டுட்டு வர்றேன், என்னையும் இட்டுக்கினு போங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் சாலையில் வளைவுகள் ஆரம்பித்தபோது பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது.

"மழையா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். "இல்லங்க. பருப்பு."

இழுப்பறைக்குக் கொக்கி போட மறந்திருக்கிறோம். ஒரு கிலோ துவரம்பருப்பு ரப்பர் தரையில் இடது வளைவுக்கு வலப்பக்கமும், வலது வளைவுக்கு இடப்பக்கமும் அலை மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் தண்ணீர்க் குழாயும் திறந்துகொண்டது. ஊறப்போட்ட பருப்போடு ஆலங்காயத்தைக் கடந்தோம். கோபம் வர வேண்டிய இடம். எங்களுக்கோ பேசவே முடியாத அளவுக்குச் சிரிப்பு.

ஊரைத் தாண்டி, மலை பக்கத்தில் வந்து நிற்கிற ஓர் இடத்தில், நிலக்கடலைக் கொல்லை ஓரமாகப் பெரிய புங்கமரம் இருந்தது. கொல்லையில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் இங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். என் வயதுதான் இருக்கும்.

"ஓட்டு கேக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. தங்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

"யாரு வூட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்ல. வண்டியிலயே."

"உங்களுக்கு வூடு இல்லியா?"

"ஆம்பூர்ல இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"சும்மாதான்" என்றேன். அந்த அம்மா மண் ஒட்டிய கையை இடுப்பில் வைத்து யோசித்தாள். "சும்மாவா!" என்று ஒரு சிரிப்பு சிரித்தாள். "இருங்க, இருங்க. யாரு இன்னா சொல்லப் போறா."

வண்டியைக் கழுவித் துடைத்து, நனைந்த பருப்பை நாலு தடவை அலசி அடுப்பில் ஏற்றி, புளிசாதமும் ஆம்லெட்டும் பருப்புமாக மரத்தடியில் சாப்பிட்டோம். வெயில் ஏறியதும் அந்த அம்மா ஒரு கொத்துப் பச்சைக் கடலையோடு வண்டியைப் பார்க்க வந்தாள். காலை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் ஏறினாள். ஃபேனைப் போட்டுக் காட்டினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு நிமிசம் முதுவ நீட்டிக்கட்டா?" என்று கேட்டாள். என் தலையணையை, நான் யாருக்கும் தராத தலையணையை, நானே அவள் தலைக்குத் தள்ளிவைத்தேன்.

ஒரு நிமிடத்தில் குறட்டை.

நாங்கள் இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் விருந்தாளி தூங்குகிறார்! அவர் என் காதில், "எழுப்பட்டுமா?" என்றார். "எழுப்புனா தெரியும் சேதி" என்றேன். அவர் கடலையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனி காலத்தில் ஒரே கூரைக்கடியில் வேலை பார்த்தும், பகல் வேளையில் இரண்டு பேரும் இப்படி ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குறட்டை ஒரு விசில் மாதிரி மேலே போய் நின்றது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஓடினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் மருமகள் "அத்தே! அத்தே!" என்று கொல்லையெல்லாம் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் அந்த அம்மா எழுந்தாள். "இன்னா காத்து! கரண்ட்டு எங்கருந்து வருது?" என்று கேட்டாள். என் கணவர் அந்தக் கேள்விக்குத்தான் இரண்டு மாதமாகக் காத்திருந்தார். தகடு, பேட்டரி, ஒயர் என்று அரை மணி நேரம் விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"எப்ப கெளம்புறீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"தோ பாரு, செவ்வாக்கிழம வரைக்கும் கடல புடுங்குற வேல இருக்குது எனக்கு. மத்தியானம் படுக்க எடம் வேணும். இருந்துட்டுப் போங்க."

இருந்தோம். தினமும் மதியம் அவள் வந்து படுத்தாள். சனிக்கிழமை முதல் மருமகளும் வந்தாள். நாங்கள் மரத்தடியில் கடலை ஆய்ந்து கொடுத்தோம். மகள் போனில், "ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்களே, எப்பம்மா வர்றீங்க?" என்று கேட்டபோது, "வேலை ஜாஸ்தியா இருக்குதும்மா" என்றேன், கடலை நார் ஒட்டிய கையோடு.

புதன்கிழமை காலை ஒரு மூட்டைக் கடலையோடு கிளம்பினோம். கொக்கி, குழாய், கதவு மூன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஆம்பூருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இருவருக்குமே நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் வண்டியை நிறுத்தி, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மலைப் பக்கம் கையைக் காட்டினேன்.