கண்ணாடிக்குப் பின்னால் சுவர்

சிவகொழுந்து கோபக்காரிதான். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வளைகுடாவுக்கு வந்து, குவைத்தில் ஒரு வீடு, தோகாவில் ஒரு வீடு என்று பாத்திரம் தேய்த்த காலமெல்லாம் அந்தக் கோபத்தை மடியில் முடிந்து வைத்திருந்தாள். 2006இல் துபாய்க்கு, சந்தியா மேடம் வீட்டுக்கு வந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

சந்தியா சென்னைக்காரி, ஆர்க்கிடெக்ட். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர் கட்டிய வீடுகளில் மயங்கி, அதே பாணியில் இந்த வீட்டைக் கட்டியிருந்தாள். உயரமே கிடையாது, தரையோடு தரையாக நீண்டு படுத்திருக்கும். கூரை நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நிழல் போடும். அதற்கடியில் வீட்டைச் சுற்றி ஒரே கோடாக ஜன்னல்கள்.

"உள்ள இருக்கறவங்க கண்ணுல வானமும் மரமும் எப்பவும் படணும். அதான் இந்த ஸ்டைல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சந்தியா பெருமையடிப்பாள்.

சிவகொழுந்தும் உள்ளேதான் இருந்தாள். அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு பல்பு, நாலு சுவர். வெளியே நின்று கண்ணாடி துடைத்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருப்பது அவள் அறை. அங்கே வெளியில் ஜன்னல் இருக்கிறது, உள்ளே இல்லை! கண்ணாடிக்குப் பின்னால் சுவர் எழுப்பிக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள்.

"என் ரூமு ஜன்னல மட்டும் ஏன் மேடம் அடைச்சிருக்கு?"

"அந்தப் பக்கம் தோட்டத்துல கெஸ்ட் உட்காருவாங்க. நீ பார்த்துட்டே இருந்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"அப்ப கண்ணாடி எதுக்கு?"

"அது இல்லேன்னா கோடு அறுந்துடுமே."

சிவகொழுந்து கைத்துணியைப் பட்டென்று உதறிவிட்டு நகர்ந்தாள். கோடு அறுந்துவிடக் கூடாதாம், மனுஷி மட்டும் இருட்டில் கிடக்கலாமாம். இது எந்த ஊர் நியாயம்?

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியை அவள் தொடவில்லை. மற்றதெல்லாம் பளபளக்க, அதில் மட்டும் புழுதி அப்பிக் கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் வீட்டைப் படம் எடுக்க வருகிற நாளில்தான் சந்தியா அதைப் பார்த்தாள்.

"என்ன இது, ஒண்ணை விட்டுட்டே!"

"விடல மேடம். அது ஜன்னலு இல்ல, சுவரு. தோட்டத்து லயத்துக் காம்பராவுல, ஒரே ரூமுல ஆறு பேரு முடங்கிக் கெடந்தோம், அங்ககூட ஒரு ஜன்னல் இருந்திச்சு. சுவர ஒடைங்க, தெனம் ரெண்டு வேள தொடைக்கிறேன்."

"டிக்கெட் எடுத்து ஊருக்கே அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க."

வாசலில் கார் வந்து நின்றது. சந்தியா அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஓடினாள்.

படங்கள் அழகாக வந்தன. கோடு எங்கேயும் அறுபடவில்லை. சிவகொழுந்தைப் போல உழைக்க இன்னொருத்தி கிடைக்க மாட்டாள் என்பதால் டிக்கெட்டும் வரவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஒரு கண்ணாடியை மட்டும் சந்தியாவே துடைத்தாள். சுவரை உடைப்பது ஒரு மேஸ்திரிக்கு அரை நாள் வேலை. அதற்கு மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.