இருமல் மருந்து மூடியளவு

முன்னூற்று இருபது பேருக்குச் சமைத்துப் போடுகிற கை, ஒருத்திக்குச் சமைக்கத் தெரியாமல் திண்டாடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெரியக்காவும் நினைக்கவில்லை.

பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலை கேண்டீனில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. பெரியக்கா என்ற பெயர் வயதினால் வந்ததா உடம்பினால் வந்ததா என்பது அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அவளே சொல்லிவிடுவாள்: "ரெண்டுக்கும் சேத்துத்தான்னு வச்சுக்கோங்களேன்." முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணி, அடுப்படியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டூலைத் தேட வேண்டி வந்த பிறகுதான், இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டாள். இரண்டு மாத விடுப்பு. வயிற்றில் ஐந்து சின்னத் தழும்பு. வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் நாட்களில் வடிகட்டிய நீராகாரம் மட்டும், கால் மணிக்கு ஒருமுறை முப்பது மில்லி என்று அதில் போட்டிருந்தது.

அவளுக்கு லிட்டர் தெரியும், வாளி தெரியும், அண்டா தெரியும். முப்பது மில்லியை அவள் பார்த்ததே இல்லை. பஸ் ஓட்டும் கணவர்தான் அலமாரியைக் குடைந்து பழைய இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கண்டுபிடித்தார். மூடியில் பதினைந்து என்று கோடு போட்டிருந்தது.

"ரெண்டு மூடி. கால் மணிக்கு ஒரு ஸ்டாப்பு," என்றார். "நடுவுல கை காட்டினா வண்டி நிக்காது."

"நான் எப்பங்க கை காட்டினேன்?"

"முப்பது வருஷமா காட்டிட்டுத்தான் இருக்கே."

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தனக்கான சூப்பைத் தானே வைக்கப் போனாள். இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பருப்பு என்றுதான் ஆரம்பித்தாள். கை தன் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டே போனது. காய்க்குத் தண்ணீர் போதவில்லை, ஊற்றினாள். தண்ணீருக்குக் காய் போதவில்லை, நறுக்கினாள். மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது வீட்டில் இருந்த குக்கரும் மூன்று பெரிய பாத்திரங்களும் நிரம்பி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான்."

மகள் பாத்திரங்களை எட்டிப் பார்த்து மனக்கணக்குப் போட்டாள். "பன்னெண்டு லிட்டர் இருக்கும். ரெண்டு ரெண்டு மூடியா குடிச்சா, தூங்காம நாலு நாளாகும். அலாரம் வச்சுக்கறியா?"

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்கு மாடிக்கும் சூப் போனது. கதவு கதவாக மகளும் அப்பாவும் தூக்குப் பாத்திரத்தோடு ஏறி இறங்கினார்கள். மூன்றாம் மாடித் தையல்காரம்மா பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்துவிட்டு, "அடுத்த வாரமும் உண்டா?" என்று கேட்டாள். உப்பு கச்சிதமாக இருந்ததாம்.

அந்தப் பாராட்டுதான் பெரியக்காவைக் கலக்கியது. வடிகட்டிய இரண்டு மூடியை அவளும் குடித்துப் பார்த்திருந்தாள். இரும்புக் கரண்டியை நக்கியது போல இருந்ததே தவிர, உப்பும் தெரியவில்லை, காயும் தெரியவில்லை. உப்பைப் போட்டது கைப்பழக்கம். நாக்கு அதில் சேரவே இல்லை.

ஆஸ்பத்திரி டயட்டீஷியனுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண்ணைப் பார்த்த அன்றே, எலும்பும் தோலுமாக இருப்பவள் நமக்குச் சாப்பாட்டுக் கணக்குச் சொல்வதா என்று மனதுக்குள் பொருமியவள்தான். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"நாக்கு செத்துப்போச்சும்மா எனக்கு."

"சில பேருக்கு அப்படி இருக்கும். பெரும்பாலும் சரியாயிடும்."

"எப்ப?"

"ஆளுக்கு ஆள் மாறும்மா. நீங்க அதைவிட முக்கியமா ஒண்ணைக் கவனிக்கணும். போதும்னு உங்க வயிறு ஒரு சாடை காட்டும். சில பேருக்கு மூக்கு ஒழுகும், சில பேருக்குத் தும்மல், சில பேருக்கு விக்கல். அது வந்துட்டா அடுத்த வாய் கிடையாது. தட்டுல எவ்வளவு மிச்சம் இருந்தாலும்."

போனை வைத்துவிட்டுப் பெரியக்கா யோசித்தாள். ஐம்பத்திரண்டு வருடத்தில் அவள் வயிறு 'இன்னும்' என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ருசி தெரியாத சமையல்காரியை எந்த கேண்டீன் வைத்துக்கொள்ளும் என்ற பயம் அன்றிலிருந்து அவளோடு கூடவே எழுந்தது, கூடவே படுத்தது. முழங்கால் போனாலும் நாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

ஐந்தாம் வாரம் மசித்த முட்டைக்கு அனுமதி கிடைத்தது. டீ ஸ்பூனால் எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைத்துச் சாப்பிட்டாள். கால் கிண்ணம்கூட முடியவில்லை, ஒரே ஒரு விக்கல்.

"ஸ்டாப்பு வந்தாச்சு, இறங்கு," என்றார் கணவர்.

கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் மிச்சம் இருந்தது. வீணாக்குவது அவள் பரம்பரையிலேயே கிடையாது. "ஒரு வாய்தானே" என்று போட்டுக்கொண்டாள். அந்த ஒரு வாய் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அரை மணி நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கடைசியில் குளியலறையில் போய்த்தான் தீர்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், "நிஜமாவே சொல்லுதுங்க," என்றாள், வீட்டுக்கு வந்த புது மனுஷியைப் பற்றிச் சொல்வது போல.

இரும்பு வாடை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஆனால் பழைய நாக்கு திரும்பியதா என்பதை வீட்டுக் கிண்ணத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை, மூடியையும் டீ ஸ்பூனையும் பையில் போட்டுக்கொண்டு கேண்டீனுக்குப் போனாள். உதவிச் சமையல்காரன் வாசலிலேயே நின்றான். கை தாராளத்தினால் அவனுக்கு அங்கே உப்பு என்றே பெயர்.

"என்னக்கா, பாதியாயிட்டீங்க?"

"மீதி வீட்லதான் இருக்கு. சாயங்காலம் போய்ப் பாத்துக்கறேன். அடுப்பைப் பாரு."

எட்டு அண்டா. முன்பெல்லாம் ருசி பார்ப்பது என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, கூடவே கொஞ்சம் சோறும் போட்டுப் பிசைந்து பார்ப்பாள். அதுவே ஒரு சாப்பாடு. இன்று டீ ஸ்பூன்தான் என்றாலும் பழக்கம் விடவில்லை. ஒன்றில் மூன்று ஸ்பூன், அடுத்ததில் மூன்று. மூன்றாவது அண்டாவிலேயே விக்கல் வந்துவிட்டது.

சமையற்கட்டு முழுதும் திரும்பிப் பார்த்தது.

"தண்ணி குடிங்கக்கா," என்றான் உப்பு.

"அதுவும் அரை மணி நேரத்துக்குக் கூடாதுடா."

பன்னிரண்டரைக்கு மணியடிக்கும். ஐந்து அண்டா பாக்கி. வயிறு கதவைச் சாத்திவிட்டது. பெரியக்கா நான்காவது அண்டாவின் மூடியைத் திறந்தாள். பிறகு ஸ்பூனின் நுனியை மட்டும் குழம்பில் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு சொட்டு.

"இதுல ரெண்டு தடவை உப்பு விழுந்திருக்கு," என்றாள். "ஒண்ணு நீ போட்டது. இன்னொண்ணு, போட்டதை மறந்துட்டுப் போட்டது."

உப்பு தலையைச் சொறிந்தான். "எப்படிக்கா?"

அவளுக்கே தெரியவில்லை. வாய் நிறைய வைத்துக்கொண்டு தேடிய காலத்தில் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்ததில்லை. இரண்டு வாளித் தண்ணீரும் உருளைக்கிழங்கும் போடச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒரு சொட்டு. "பயறு அடிபிடிக்கப் போகுது, தீயைக் குறை." அடுத்தது. "பூண்டு பச்சை வாசனை போகலை." எட்டாவது அண்டாவுக்கு வரும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நாக்கு செத்துப்போகவில்லை. இத்தனை வருடமும் அது சோற்றுக்கடியில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மணியடித்துச் சாப்பாடு ஆரம்பித்து, அவள் ருசி பார்க்கச் சாப்பிட்டது செரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிப் பந்தியில்தான் தன் அரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். முதலில் மீன், பிறகு கொஞ்சம் காய். நன்றாக மென்று சாப்பிட இருபத்தைந்து நிமிடமாவது ஆகும். அடுப்படியில் நின்று அவ்வளவு நேரம் மெல்ல முடியாது. அதனால் தொழிலாளர்களின் மேசையில், பேக்கிங் பிரிவுப் பெண்ணுக்கும் வெல்டருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்த பெஞ்சில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

மென்றுகொண்டே சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் முட்டைக்கோஸ் ஒதுங்கிக் கிடந்தது.

"என்ன, கோஸ் சரியில்லையா இன்னைக்கு?"

வெல்டர் பேக்கிங் பெண்ணைப் பார்த்தார். பேக்கிங் பெண் தட்டைப் பார்த்தாள். "இன்னைக்குன்னு இல்லக்கா. திங்கக்கிழமை கோஸ் என்னைக்குமே அப்படித்தான். குழைஞ்சு போயிடும்."

"பத்தொம்பது வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்றதுக்கு நீங்க என்னைக்குக்கா உக்காந்தீங்க?"

பெரியக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது விக்கல் வந்தது.

"யாரோ நினைக்கிறாங்க போல," என்றாள் பேக்கிங் பெண்.

"என் வயிறுதான்," என்று ஸ்பூனைக் கீழே வைத்தாள் பெரியக்கா. கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வெல்டரின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. கோஸுக்குப் பதிலா என்ன போடலாம்?"