சுருதிப்பெட்டியை அணைத்தால் வருகிற பூனை

எங்கள் வீட்டுப் பூனைக்குக் குரலே கிடையாது. மழைக்கு ஒதுங்கி அடுக்களை வாசலில் வந்து நின்ற நாளிலிருந்தே அப்படித்தான். வாயைத் திறக்கும், மூடும், சத்தம் வராது. "பாட்டுக்காரன் வீடு தேடி வந்திருக்கு பார், ஊமை!" என்று நான் கேலி பண்ணுவேன். என் மனைவி விடமாட்டாள். "நீங்க போடற சத்தம் போறாதா? அதுவும் வேற கத்தணுமாக்கும்" என்பாள்.

வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் எழுந்தேனா இல்லையா என்பது என் சுருதிப்பெட்டியை வைத்தே நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். குளித்துவிட்டு அதைப் போட்டேன் என்றால் வயலின் சாதகம், பாடம், பிறகு டிவி சீரியலுக்குப் பின்னணி இசை எழுதுகிற வேலை எல்லாம் முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பூனைக்கு அந்த ரீங்காரம் ஆகாது. கொல்லைப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். பெட்டியை அணைத்த கையோடு அறை வாசலில் வந்து நின்று வாயைத் திறக்கும். அடுக்களையில் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் சுருதி நின்றது அவள் காதில் விழுமே! அங்கிருந்தபடியே, "வந்துட்டியாடா? இரு, வரேன்" என்பாள். பால்சாதக் கிண்ணத்தோடு வருவாள். பையன் வேலைக்காக வெளியூர் போன பிறகு அந்த 'டா'வை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி, மருந்து எல்லாம் பார்த்தாயிற்று, பிழைக்கவில்லை. கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம். அவள் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி மேல் அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதன் பிறகு பூனை என்கிற பேச்சே அவள் வாயில் வரவில்லை. நான் எடுத்தால், "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள். எனக்குப் பயமாக இருந்தது. அழுகிறவளைச் சமாதானப்படுத்தலாம். இப்படி உள்ளுக்குள்ளேயே இறுகிக்கொண்டு போகிறவளை என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து, புதிதாக ஏதாவது எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார்கள். பாதிப் பேர் சர்ச் கொயரில் வாசித்து வளர்ந்த பிள்ளைகள். ஒரு பூனையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இதைக் கேட்டாவது அவள் வாய் திறக்கமாட்டாளா என்கிற நப்பாசையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எழுதினேன். வயலின்கள் மதில்மேல் நடந்தன. செல்லோ வெயிலில் புரண்டது. அடுத்த தெருவில் மீன்காரர் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தால் அக்ரஹாரத்து மானத்தையே வாங்குகிற மாதிரி பூனை ஓடுமே, அந்த ஓட்டத்தை வயோலாக்களுக்குக் கொடுத்தேன். இவ்வளவுக்கும் அடியில் டபுள் பேஸ் இரண்டும் முதல் நொடியிலிருந்து கடைசி வரை சுருதிப்பெட்டி மாதிரி ஷட்ஜத்தைப் பிடித்தபடி நின்றன.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர் நல்ல மனுஷர், மலையாளி. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாஷே, பேஸுக்கு ஒரு ரெஸ்ட் போலும் இல்லல்லோ!" என்றார். ஓர் இடத்தில்கூட நிறுத்தவில்லையே என்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சுருதி நின்றால் சங்கீதம் ஏது? தம்புராவுக்கு மேல்தான் பாட்டு என்று வளர்ந்தவன் நான். எங்களுக்கு இடைவெளி என்றால் சுருதி மட்டும் கேட்கிற இடம். ஒன்றுமே கேட்காத இடம் என்று ஒன்று எங்கள் கச்சேரியில் கிடையாது.

ஒத்திகைக்குப் போன அன்று மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன். அதைக் கொடுக்க வந்த என் மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். திரும்பும்போது ஆட்டோவில், எப்படி இருக்கு என்று மெல்லக் கேட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "நீங்க சுருதியை அணைக்கவே இல்லையே" என்றாள்.

"நன்னாருக்கு! அந்த மனுஷன் போறாதுன்னு நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை சாதகம் முடித்துப் பெட்டியை அணைத்தேன். பழக்கதோஷம், கண் தானாக வாசலுக்குப் போயிற்று. யாருமில்லை. அடுக்களையில் கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது. அவளும் அங்கே காத்துக்கொண்டு நிற்கிறாள்! அட மடையா, சுருதி ஓடிக்கொண்டே இருந்தால் பூனை எப்படி உள்ளே வரும்? தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே மாற்றினேன். எல்லாக் கருவிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பேஸ் மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் நிற்கும். அதற்கப்புறம் ஒரு நீண்ட ரெஸ்ட். யாருக்கும் வாசிக்க ஒன்றும் கிடையாது. முடிந்துவிட்டது என்று ஜனங்கள் கைதட்டிவிட்டால் என்ன பண்ணுவது என்று கண்டக்டர் கவலைப்பட்டார். "தட்டினா தட்டட்டும்" என்றேன்.

கச்சேரியன்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேஸ் நின்றது. யாரும் கைதட்டவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துட்டியாடா? இரு, வரேன்."

அடுக்களையிலிருந்து சொல்கிற அதே குரல். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தான் சொன்னது அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்டக்டர் தூக்கிய கையை இறக்காமல் நின்றார். நான் எழுதியதைவிட அந்த ரெஸ்ட் ரொம்பவே நீண்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள்.

"பால்சாதம் சூடா இருந்தா அது தொடாது. ஆறினப்புறம்தான் வைக்கணும். உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும்.

"தெரியாதே, சொல்லு" என்றேன்.