பேட்டரிக்குப் பக்கத்தில் பூக்குழி கூடாதாம்!

போன ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம், இதை எழுதும் இந்த நிமிடம் வரை இறங்கவில்லை. "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாத்திரைக்கு அடங்குகிற கோபமா இது?

காப்பார் பக்கம் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பில் என் சித்தி மகள் சாந்தி இருக்கிறாள். அவள் வீட்டுக்கு முன்னால் திடல், திடலைத் தாண்டினால் மாரியம்மன் கோயில். வீட்டுக்குப் பின்னால் செம்பனைக் காடு. அந்தச் செம்பனையை அழித்துவிட்டு, ஒரு கம்பெனி பேட்டரி நிலையம் கட்டப்போகிறது. கன்டெய்னர் கன்டெய்னராக ராட்சத பேட்டரிகள்... பகலில் சோலார் மின்சாரத்தைச் சேமித்து, ராத்திரியில் கொடுக்குமாம். நல்ல விஷயம்தான். நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

ஊர்ப் பொது மண்டபமான பாலாய்ராயாவில் விளக்கக் கூட்டம். சாந்தி கூப்பிட்டாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிப் போனேன். வறுத்த சேமியா மீகூன், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ எல்லாம் கம்பெனி உபயம். டை கட்டிய அதிகாரி, நம் தமிழர்தான், ஸ்லைடு போட்டுக் காட்டினார்.

"தீப்பிடிக்குமா தம்பி?" என்று கேட்டாள் சாந்தி.

"சான்ஸே இல்லக்கா! ஃபுல் சேஃப்டி. நிம்மதியா தூங்கலாம் லா."

எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த ஸ்லைடில்தான் ஏழரை ஆரம்பித்தது.

"ஒரு சின்ன ரிக்வெஸ்ட். இனிமே திடல்ல தீமிதி வேணாம். பொறி பறக்கும், பேட்டரிக்கு ரிஸ்க். வேற இடம் நாங்களே பார்த்துத் தர்றோம். இந்த வருஷத்திலிருந்தே மாத்திப் பழகிட்டீங்கன்னா நல்லது."

சாந்தியின் முகம் செத்துவிட்டது. போன வருடம் அவள் கணவர் மணியம் ஹார்ட் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, 'இவரை எழுப்பிக் கொடு தாயே, வர்ற ஆடியில பூக்குழி இறங்கறேன்' என்று இந்த அம்மனிடம்தான் அழுதாள். மனுஷன் இன்று லோரி ஓட்டுகிறார். வேண்டுதலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள் என்றால்? அம்மன் என்ன வாடகை வீட்டிலா இருக்கிறாள்?

கோயில் தலைவர் எழுந்தார். சண்டை போடப்போகிறார் என்று நம்பினேன். "கோயில் மண்டபத்துக்கு ஏர்கோன் ஏதாச்சும்...?" என்று இழுத்தார்! இப்படி ஒரு தலைவர் இருந்தால் நமக்கு வேறு எதிரி எதற்கு?

என்னால் முடியவில்லை. எழுந்தேன்.

"தீப்பிடிக்கவே பிடிக்காதுன்னீங்களே தம்பி... அப்புறம் எங்க பொறியைப் பார்த்து ஏன் பயப்படறீங்க?"

"அது... ஜெனரல் ப்ரிகாஷன், ஆன்டி."

சாந்தி அக்காவாம், நான் ஆன்டியாம். கோபத்தில் இதுவும் சேர்ந்துகொண்டது.

"பூக்குழி திடலுக்கு நடுவுல இருக்கு. இவ வீட்டுக் குசினி உங்க வேலி வரப்போற இடத்தை ஒட்டி இருக்கு. அங்க அடுப்பு எரியலாமா?"

"வீடுங்க எல்லாம் எங்க ஸ்கோப்புல வராது ஆன்டி."

ஸ்கோப்! பேட்டரியைக் காப்பாற்ற ஒரு ஸ்லைடு இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் தூங்குகிற பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு ஸ்லைடு இல்லை. பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில் போய் இப்படி ஒரு கூட்டம் நடத்திப் பார்க்கட்டுமே! மறுநாளே வக்கீல் நோட்டீஸ் பறந்து வரும். தோட்டத்துச் சனம்தானே... ஒரு தட்டு மீகூன் போட்டால் போதும் என்ற நினைப்பு.

அப்போதுதான் சாந்தி எழுந்தாள்.

"நெருப்புல இறங்கறேன்னு நான்தான் வேண்டிக்கிட்டேன் தம்பி. நெருப்புக்குப் பக்கத்துல என் பிள்ளைங்களைத் தூங்க வைக்கறேன்னு யாருகிட்டயும் வேண்டிக்கலை."

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். பிறகு ஆண்கள். கடைசியாகத் தலைவரும், தலையைக் குனிந்துகொண்டு. அதிகாரி லேப்டாப்பை மூடிவிட்டார்.

ஆடியில் தீமிதி அதே திடலில்தான். எதை நகர்த்துவது என்று கம்பெனி யோசிக்கட்டும்!