ஐந்தரை மணி நேரம் பின்னால்

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். ராயபுரத்தில் நாற்பது வருஷமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் தவசிமுத்து என்று இருந்தாலும் ஊருக்கு நான் அண்ணாச்சிதான். ஏமாந்தவன் அண்ணாச்சி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் எதிர்வீட்டு சவரிநாதன் கடைக்கு வந்து ஐம்பது மீட்டர் செம்புக் கம்பி, நாலு பைப்பு, ஒரு சுவர்க் கடிகாரம் கேட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், வயது அறுபத்திரண்டு. கம்பியும் கடிகாரமும் சேர்த்து வாங்குகிறவனை எப்படி நம்புவது?

"எதுக்கு சவரி இம்புட்டுக் கம்பி?"

"ரேடியோவுக்கு அண்ணாச்சி. ஹாம் ரேடியோ, வூட்லேர்ந்தே வேற ஊரு ஆளுங்களோட பேசறது. அன்னிக்கு உட்ட எடத்துலேர்ந்து புடிக்கப் போறேன். பரீட்ச பாஸாயிட்டேன். போலீஸ் சர்டிபிகேட்டு வந்தா லைசென்ஸு கெடச்சிடும்."

கம்பியை அளக்காமல் டேப்பைக் கீழே வைத்தேன். ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். கடற்கரையோரம் வயர்லெஸ் என்று சொன்னாலே போலீஸ் ஜீப் வந்து நிற்கும் காலம். சவரிக்கு அப்போது இருபத்தொன்பது. அப்போதும் பரீட்சையில் பாஸாகி லைசென்ஸுக்குக் காத்திருந்தான். பேச அனுமதி இல்லை. ரேடியோவில் கேட்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பான். ஒருநாள் அந்த நோட்டை என் கடையில் மறந்துவிட்டுப் போனான். நான் சும்மா இருப்பேனா? புரட்டினேன். 'கொழும்பு, 13.30' என்று ஒரு வரி. அந்தத் தேதியில் அவனுக்குப் பகல் ஷிப்ட். மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கிரேன் உச்சியில் இருந்தவன் எப்படி ரேடியோ கேட்டான்? எழுதியது அத்தனையும் பொய் நேரம், உள்ளே வேறு சங்கதி இருக்கிறது என்று முடிவு கட்டினேன். லைசென்ஸுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அப்படியே சொன்னேன்.

ரேடியோவையும் நோட்டையும் எடுத்துப் போனார்கள். சவரியை மூன்று நாள் ஸ்டேஷனுக்கு அலைய விட்டார்கள். லைசென்ஸ் அத்தோடு போயிற்று. யார் போட்டுக் கொடுத்தது என்று அவன் யோசித்தபோது என் பெயர் அவன் புத்தியில் வரவே இல்லை. முந்தின வாரம்தான் அப்பா வீட்டுக்காகத் தம்பி டெரிக்கோடு கைகலப்பு நடந்திருந்தது. பழி டெரிக் மேல் விழுந்தது. அவன் கத்திவாக்கத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவன். அண்ணனும் தம்பியும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். அம்மாவின் அடக்கத்தன்றுகூடக் கோயிலில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். நான் நடுவில் நின்றேன். சவரி மேல் எனக்கு அப்போதும் சந்தேகம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திரும்பவும் கம்பி. சும்மா இருக்க முடியுமா? பைப்பு கொண்டுவந்து தருகிற சாக்கில் அவன் வீட்டுக்குப் போனேன். மேசையில் ரேடியோ, மேலே சுவரில் நான் விற்ற கடிகாரம். அது பத்தரை காட்டியது. மணியோ சாயங்காலம் நாலு. என் கடைச் சரக்கு நின்றுவிட்டதென்று நாளைக்கே தெருவில் பேசுவான் என நினைத்து, நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினேன்.

"அய்யோ, கைய வெக்காத அண்ணாச்சி!" என்று ஓடி வந்தான் சவரி. "அது லண்டன் டைமு. நம்ம மணிக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. நோட்டுல அத்ததான் எழுதணும். எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் ஒரே டைமு. அன்னிக்கும் அப்பிடித்தான் எழுதிகினு இருந்தேன்."

நாற்காலியிலேயே நின்று கணக்குப் போட்டேன். ஒன்றரையோடு ஐந்தரை. ஏழு மணி. ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற நேரம்.

"எறங்கு, வுழுந்துடப் போற," என்றாள் அவன் மனைவி இருதயம்மாள்.

அடுத்த வாரம் போலீஸ்காரர் என் கடைக்கு வந்தார். அதற்கு முன்பே சவரி என்னிடம் கேட்டுக்கொண்டான்: "தெருவுல யாராண்ட வேணா கேக்கட்டும். டெரிக்காண்ட மட்டும் போவ வேணாம்னு சொல்லு. மறுபடியும் போட்டுக் குடுப்பான்." தங்கமான ஆள் என்று சொல்லி அனுப்பினேன். சவரியிடம் உண்மையைச் சொல்லத்தான் தைரியமில்லை. லைசென்ஸ் வரட்டும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பேசியது என் நாக்கு; செத்தது அவர்கள் உறவு.

லைசென்ஸ் வந்தது. முதல் பேச்சைக் கேட்க என்னைக் கூப்பிட்டான். லைசென்ஸில் தனக்குக் கொடுத்த அழைப்புக் குறியை மூன்று தடவை சொன்னான். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. கொழும்பு. சவரி அழுதுகொண்டே புது நோட்டில் எழுதினான்: 'கொழும்பு, 13.30.'

எனக்குத் தாங்கவில்லை. "சவரி, அன்னைக்குப் போலீஸ்ல சொன்னது டெரிக் இல்ல. நான்தான்," என்றேன்.

அவன் ரேடியோவை அணைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் நம்பரு என்னாண்ட இல்ல," என்றான்.

என் போனில் இருந்தது. என் கடையில் வயர் வாங்குகிறவன் டெரிக். நம்பரைப் போட்டு நீட்டினேன். சவரி வாங்கவில்லை.

"நீ பேசு. போலீஸாண்ட சொன்ன வாயிதானே? அந்த வாயாலயே சொல்லு."

"இன்னா அண்ணாச்சி?" என்றான் டெரிக். நோட்டு, நேரம், போலீஸ், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அண்ணன் அங்க கீறாரா?"

"இருக்கான்."

"அவராண்ட குடு."

சவரி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இருதயம்மாள் போய், நான் வெளியே போக வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.