எனக்கு மட்டும்தான் இருக்கு

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது வயது நாற்பத்தாறு. அவளுடைய அப்பா அதைவிடச் சின்ன வயதில் கரும்புக்காட்டிலேயே சாய்ந்தவர். கொழுப்பை ரத்தத்தில் தேக்கிவைக்கும் ஒரு மரபணு அம்மாவிடம் இருப்பதாகக் கண்டுபிடித்த டாக்டரம்மா, என்னையும் பெங்களூருக்கு வரச் சொன்னார். ஓசூரில் பஸ் ஏறினேன். துணைக்கு மாமாவும் வந்தார்.

டாக்டரம்மா வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தைக் காகிதத்தில் வரைந்தார்.

“அம்மாவுக்குத் தம்பி இருக்காரா? அவரும் டெஸ்ட் பண்ணியே ஆகணும்.”

“வெளியதாங்க உக்காந்திருக்காரு.”

“பரவால்லையே, கூட்டிட்டே வந்துட்டீங்களா! உங்க வீட்டுக்காரர் வரலையா?”

“அவருதாங்க இவரு.”

பேனா நின்றுவிட்டது. பிறகு அம்மாவின் தம்பியிடமிருந்து எனக்கு ஒரு கோடு இழுத்தார். படம் பிள்ளைகள் கிறுக்கிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. தாய்மாமனைக் கட்டுவது எங்கள் பக்கம் ஒரு அதிசயமா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. “குழந்தை இருக்கா?”

“ஒரே பொண்ணுங்க. ஒம்பது வயசு.”

எங்கள் இருவருக்குமே அது இருந்தால், மகளுக்கு இரண்டு பங்கும் சேர்ந்து போயிருக்கலாமாம். அப்படிப் போயிருந்தால் சின்ன வயதிலேயே இதயத்தைப் பிடிக்குமாம். ஒரு பங்கு என்றால் மாத்திரையிலேயே அடக்கிவிடலாம்.

டெஸ்ட்டுக்கு இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது பஸ்ஸிலேயே சண்டை ஆரம்பித்தது.

“எனக்கே இருக்கட்டும்டி, உனக்கு வேணாம்.”

“நீ சும்மா இரு மாமா, நான் வச்சுக்கறேன்.”

முன் சீட்டு அம்மாள், ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, நான் வேலை செய்யும் சூளகிரி கம்பெனியில் டீ நேரத்தில் போனுக்கு ரிசல்ட் வந்தது. எனக்கு இருக்கிறது. மாமாவுக்கு இல்லை. இல்லவே இல்லை! மகளுக்கு இரண்டு பங்கு போயிருக்க வழியே இல்லை! யூனிஃபார்மும் தலையில் தொப்பியுமாகக் கேன்டீனில் குதித்தேன்.

“எனக்கு இருக்கு! எனக்கு மட்டும்தான் இருக்கு!”

பக்கத்து லைன் பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “என்னக்கா, விசேஷமா?”

“இல்லடி, ஹார்ட்டுக்கு வர்ற நோவு!”

ஐயோ, அவள் முகத்தைப் பார்க்கணுமே! என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

பிறகு மகளுக்கும் பார்த்தோம். ஒரு பங்கு இருந்தது. டாக்டரம்மா சின்ன மாத்திரை ஒன்று எழுதி, ஓடி விளையாடட்டும், எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் குறையுங்கள் என்றார்.

இப்போது தினமும் காலையில், கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால், அம்மாவும் நானும் மகளும் வரிசையாக நின்று மாத்திரை போடுகிறோம். முதல் நாள் மாமா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்பாவுக்கு மட்டும் இல்லையாம்மா? பாவம்” என்று மகள் டப்பாவிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மாமா அதைக் கடிக்கவில்லை. எங்களைப் போலவே அண்ணாந்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து விழுங்கினார்.