கும்பத்துக்கு அடுத்த கட்டம்

சனி பகவானை ஏமாற்றப் பார்த்தவர்களின் பட்டியல் எங்காவது இருந்தால், அதன் கடைசி வரியில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லாம் தேவர்கள், மன்னர்கள். நான் கல்வராயன் மலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாளைக்கு, நடுவுல நிறுத்தக் கூடாது" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவன். மூன்றாம் நாளே வந்து "போதுமா சார்" என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கும் மேலான மருந்தை எனக்கு நானே எழுதிக்கொண்டது பிற்பாடு.

அப்போது நானும் மனைவியும் கள்ளக்குறிச்சியில் குடியிருந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேசிப் பேசி, ஒருநாள் பேசாமல் விட்டிருந்தோம். காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இறங்கினால் இரண்டு மணி நேரம். பஸ்ஸை விட்ட நாளில் பைக். அப்படி ஒரு மழைநாளில், மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டி வழுக்கி, நான் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமாக விழுந்தோம். பார்த்தவை குரங்குகள் மட்டும்தான். அவையும் சாப்பாட்டுப் பையைத்தான் பார்த்தன. முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. என் ஜன்னலில் நானே போய் நின்று களிம்பு வாங்கிக்கொண்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். அந்த வாரமே கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் வைத்து ஜாதகம் பார்க்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் என் பிறந்த நேரத்தைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கும்ப ராசி. ஜென்மச் சனி வந்து குந்திக்கினாருங்க."

சனி ஒவ்வொரு ராசியிலும் ஏறக்குறைய இரண்டரை வருஷம் இருப்பார். நம் ராசிக்கு முந்தின கட்டம், நம் கட்டம், அடுத்த கட்டம் ஆக மூன்றும் சேர்ந்தால் ஏழரை. நடுவில் இருப்பது ஜென்மச் சனி. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றை அவர் சொன்னார்.

"வூட்டுக்காரம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரு பிரிவு காட்டுது. உயிர்ப் பிரிவா, ஊர்ப் பிரிவான்னு சொல்ல முடியல. நீங்களா முந்திக்கினு ஊர்ப் பிரிவா இருந்துட்டீங்கன்னா, அவரு வந்த வேலை முடிஞ்சிடும்."

"எவ்ளோ நாளுங்க?"

"பெயர்ச்சி வரைக்கும். ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. பாக்கலாம், பேசலாம். ஒரே கூரைக்கு அடியில படுக்கக் கூடாது, அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னேன். எதையும் அப்படித்தான் சொல்வேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

"இதெல்லாம் நெஜமா நம்பறீங்களா?" என்றாள்.

"நான் எங்க நம்பறேன். நாம பிரிஞ்சிட்டோம்னு அவரு நம்பினா போதும். ரெண்டு வருஷம் நாடகம். உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதில்ல?"

அவள் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "பஸ்ஸு அலுப்பா இருக்குதுன்னா, அலுப்பா இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு சனியன இஸ்துக்கினு வர்றீங்க?"

அவள் சொன்னது சரி. மலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகி, அதன் சாவி ஒரு மாதமாக என் சட்டைப் பையில் இருந்தது. நீயும் வா என்று அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஒற்றை அறை, அட்டைப்பூச்சி, மழைக்காலத்தில் கரண்ட் இருக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் இன்னும் அற்பம். காலை எட்டரை மணி வரை தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு மனிதன் தன் வாழ்க்கையை இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு விற்றான் என்றால் யாராவது நம்புவார்களா? சனி மேல் போட்டால் நம்புவார்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்தோம். திருநாவலூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாமியார் வாசலிலேயே கேட்டார்.

"இன்னா மாப்ள, பொண்ண திருப்பி உடறதுக்கு சனி பேருல ரசீதா?"

"ரெண்டே வருஷம் அத்த. பத்திரமா வச்சிருங்க, வந்து எடுத்துக்கறேன்."

இருவரும் சிரித்தோம். மனைவி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

முதல் சில மாதங்கள் நாடகம் நன்றாகவே ஓடியது. மலையில் போன் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில். சாயங்காலம் அங்கே போய் நின்று, "இன்னா, சனி பகவான் பக்கத்துல இருக்காரா, பேசலாமா?" என்பேன். "இப்பதான் டீ குடிக்க எறங்கிப் போனாரு, சீக்கிரம் பேசுங்க" என்பாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் மலையிலிருந்து இறங்கி வருவேன், அவள் அந்தப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருவாள். புளிச்சோறும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டுவருவாள். அங்கே சுவாமிக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்பார்கள். அவளுக்குத் தெரிந்தது. நான் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "தேன்தான் தெரியுது" என்றேன். பாதி உடம்பை மனைவிக்குக் கொடுத்த சாமி முன்னால், பாதி அறையைக் கொடுக்காத புருஷன் நின்று வேடிக்கை பேசினால் யார்தான் என்ன சொல்வது.

அடுத்த வருஷம் அவள் உளுந்தூர்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் அதற்கான படிப்புப் படித்தவள். அது எனக்கு நினைவே இல்லை. "சனிக்கெழமதாங்க கடையில கூட்டம்" என்றாள். சந்திப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். புளிச்சோறு நின்றுபோய், கோயில் பக்கத்து ஓட்டலில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம். ஒருமுறை எனக்கு ஒரு கண்ணாடி கொண்டுவந்து, அவளே மாட்டிவிட்டு, செய்தித்தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"தூரமெல்லாம் உங்களுக்கு நல்லாதான் இருக்குது. கிட்டத்துல இருக்கறதுதான் தெரியல" என்று பெட்டியை மூடி வைத்தாள். நான் வயசாயிடுச்சு என்று ஏதோ சொல்லிச் சிரித்தேன்.

தண்ணித் தொட்டிக்குப் போகிற பழக்கம் மட்டும் விடவில்லை. மணி அடித்து அடித்து நிற்கும். சில நாள், "கடையில இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வாரக்கணக்கில் ஆகும். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மாதா மாதம் வரும் மலைக்காரப் பெரியவர் ஒருவர், நான் ஏன் தனியாக இருக்கிறேன் என்று கேட்டார். சனி என்றேன்.

"எங்களுக்கு சனின்னா சந்தைக்கு எறங்கற நாளுங்க சார், அத்தோட சரி. நீங்கதான் கீழ இருந்து கூடவே இட்டாந்துட்டீங்க போல" என்று மாத்திரையை முடிந்துகொண்டு போனார்.

ஒருவழியாகப் பெயர்ச்சி வந்தது. கம்ப்யூட்டர் ஜோசியர் பார்ப்பது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதன்படி சனி என் ராசியை விட்டுப் போய்விட்டார். மறுநாளே ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டில் போய் நின்றேன். மாமியார் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அது வாக்கியப் பஞ்சாங்கம், கணக்கே வேறு.

"இதுல இன்னும் ஒரு வருஷம் கெடக்குதே மாப்ள. திருநள்ளாத்துலயே இன்னும் பெயர்ச்சி ஆவல. ரெண்டு வருஷம் இருந்துட்டு, கடைசியில அவசரப்பட்டு எதுனா ஆயிட்டா?"

நான் மனைவியைப் பார்த்தேன். "அம்மா சொல்றாங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி. அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். அவள் கொடுத்த கண்ணாடியைப் போட்டிருந்தும் எனக்குத் தெரியவில்லை. அப்போதாவது நான் மனிதனாக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். "ஒரு சனிக்கு ரெண்டு டைம்டேபிளா, நம்ம ஊரு பஸ்ஸே தேவல" என்றேன். மாமியார் சிரித்தார். லட்டை வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வருஷத்தை எப்படி ஓட்டினேன் என்று எழுத வேடிக்கையாக ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டரை மணி வரை தூங்க ஆசைப்பட்டவன் நாலு மணிக்கே விழித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். அட்டைப்பூச்சிகளும் பழகிவிட்டன. கள்ளக்குறிச்சியில் மாடியில் ஒரு வீடு பிடித்து, சுண்ணாம்பு அடித்து, கேஸ் வைத்து, பால் காய்ச்ச ஒரு புதுப் பாத்திரம் வாங்கினேன். அதன் ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. அவள் வந்து உரிக்கட்டும் என்று வைத்திருந்தேன். பால் காய்ச்சாமல் குடியேறக் கூடாது என்பதால் ஒரு நாளும் அங்கே தங்கவில்லை. வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம், "அம்மா எப்ப வராங்க?" என்பார். "சனி எறங்கினதும் ஏறிடுவாங்க" என்பேன்.

வாக்கியப்படியும் பெயர்ச்சி ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமியார் காபியைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அப்படிப் போகிறவர் இல்லை அவர். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். சாவியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"வூடு பாத்துட்டேன். தண்ணிக் கஷ்டம் இல்ல. தெனம் மலைக்கு நானே ஏறி எறங்கறேன். நீ வந்துதான் பால் காய்ச்சணும்."

அவள் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னா ராசிங்க?"

"மீனம்."

"உங்கள உட்டுட்டு சனி எங்க போயிருக்காரு?"

பன்னிரண்டு கட்டங்களும் எனக்கு மனப்பாடம். மூன்று வருஷத்துக்கு மேல் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பத்துக்கு அடுத்தது மீனம். சனி என் கட்டத்தை விட்டு எப்போது போவார் என்று எண்ணினேனே ஒழிய, எங்கே போவார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் அவள் இருந்தாள்.

"எனக்கு இப்பதாங்க ஜென்மச் சனி ஆரம்பிக்குது" என்றாள்.

"நீதான் இதெல்லாம் நம்ப மாட்டியே."

"நான் எங்க நம்பறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதில்ல?"

வர மனசில்லை என்றால் இல்லையென்று சொல், அதற்கு எதற்குச் சனியை இழுக்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்திருந்தாள். விழுங்கிவிட்டேன்.

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டரை வருஷம். உங்களுக்குத் தெரியாததா?"

"எந்தப் பஞ்சாங்கப்படி?"

அன்றைக்கு முதல்தடவையாக அவள் சிரித்தாள். கோபம் இருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அது சும்மா, நன்றாகத் தூங்கி எழுந்தவளின் சிரிப்பு.

"எது ஜாஸ்தியோ, அது."

நானும் சிரித்தேன். வாழ்நாளெல்லாம் நான் பேசிய எந்த வேடிக்கையும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஸ்கூட்டியில் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் விட்டாள். பஸ் வரும்வரை நின்றாள். என் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து மாட்டிவிட்டு, "இவ்ளோ தூசியோட எப்டிதான் பாக்கறீங்களோ" என்றாள். கடையில் வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள் என்று நினைக்கிறேன்.

உச்சிவெயிலில் கள்ளக்குறிச்சி வந்து இறங்கினேன். மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தபோது கீழிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னா சார், அம்மா வரலையா?"

"வரல."

அவர் வழக்கம்போல் நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று சிரிக்கத் தயாராக நின்றார். நான் உள்ளே போனேன். அந்தப் புதுப் பாத்திரத்தின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டது. அப்படியே தண்ணீர் பிடித்து, பால் இல்லாமல் கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். சாஸ்திரம் என்று நான் மீறியது அந்த ஒன்றைத்தான்.